ஒரே கழுத்தில் நாலு

பத்து மைக்ராஸ்கோப்புகளையும் துடைத்துச் சன்னலோர மேசையில் வரிசையாக நிறுத்தியபோது மணி ஒன்பதேகால். செல்வமேரி தன் பின்னலின் நுனியிலிருந்து முடியைப் பிடுங்கி, சின்னக் கத்தரியால் நறுக்கி, ஒவ்வொரு கண்வில்லைக்குள்ளும் ஒரு துண்டைப் பசை தொட்டு ஒட்டினாள். உள்ளே பார்த்தால் அந்த முடி கறுப்பு ஊசிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் முனை எந்த இடத்தைத் தொடுகிறதோ, அந்த இடத்தின் பெயரைத்தான் தேர்வு எழுதுகிறவர்கள் எழுத வேண்டும். பல வருஷமாக அந்த லேபில் அவள் தலைமுடிதான் சுட்டுக்கோல்.

ஏற்காட்டின் மேல்மேட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. அதை ஒட்டி லேப் டெக்னீசியன் படிப்புக்கு ஒரு சின்னப் பள்ளி. 1991 ஏப்ரலில் அன்றைக்குப் பன்னிரண்டு பெண்களுக்குச் செய்முறைத் தேர்வு. பாடம், நாளமில்லாச் சுரப்பிகள். குழாய் எதுவும் இல்லாமல் தங்கள் சாற்றை நேராக ரத்தத்தில் விடுகிற உறுப்புகள் அவை. கழுத்தில் தைராய்டு, தலைக்குள் பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தது மாதிரி அட்ரினல். மெழுகில் புதைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, நீலமும் ரோஜாச் சிவப்பும் ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வரும். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தால் பாஸ்.

வார்டு அட்டெண்டர் அங்கப்பன் வாசலில் வந்து நின்றார். ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.

"காரு வளைவெல்லாம் தாண்டிருச்சாம் கண்ணு. லேடீஸ் சீட் பாறைமுனைப் பக்கம் நின்னு டீ குடிக்கறாராம்."

"குடிக்கட்டுங்கண்ணா."

"என்ன இத்தனை வேகமா ஒட்டறே?"

"பசை காயறதுக்குள்ள ஒட்டோணுமில்லீங்க. அதான்."

அங்கப்பன் உள்ளே வந்து வரிசையை ஒருதடவை பார்த்தார். பிறகு, "நாலையும் வெச்சுட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வெச்சுட்டேன்" என்றாள்.

காரில் வந்துகொண்டிருந்தவர் வெளித்தேர்வாளர், டாக்டர் பாலசுப்பிரமணியம். மூன்று வாரத்துக்கு முன்னால் சேலத்திலிருந்து வந்த கடிதத்தில் அந்தப் பெயரைப் படித்ததும் செல்வமேரி கடிதத்தை மடித்து வைத்தாள். பிரித்தாள். மறுபடி படித்தாள். பிறகு எழுந்து போய், பீரோவின் அடித்தட்டில் துணி சுற்றி வைத்திருந்த மரப்பெட்டியை எடுத்து, அதற்குள் நாலு ஸ்லைடும் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த டாக்டர் வியாழக்கிழமைதோறும் மலையேறி வருவார். எஸ்டேட் ஆட்களுக்குக் கழுத்தில் பப்பாளிக்காய் மாதிரி கட்டி வீங்குவது அந்தப் பக்கம் சாதாரணம். ஒரே நாளில் மூன்று கட்டி, நாலு கட்டி என்று அறுத்துவிட்டு, பனி இறங்குவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுவார். பனியில் கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஓட்ட அவருக்குப் பயம். மூன்று மணிக்கு மேல் தியேட்டர் சன்னலைப் பார்த்துப் பார்த்துத்தான் தையல் போடுவார் என்று நர்சுகள் சிரிப்பார்கள்.

செல்வமேரியின் அக்கா மரியபுஷ்பம் அன்றைய வரிசையில் நாலாவது ஆள். 1977 ஜூலை 14. மணி மூன்றரை. வெளியே வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

புஷ்பத்துக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புருஷன் ஏசுராஜ், மாரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். கழுத்தில் கட்டி இல்லாமல் கண்ணாடி பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. கட்டி போயிற்று. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, "வாயைச் சுத்தி எறும்பு ஊறறாப்புல இருக்குது மேரி" என்றாள். சாயங்காலம் விரல்கள் எல்லாம் ஒன்றாகக் குவிந்து, ஒரு சிட்டிகை உப்பு எடுக்கப் போகிறவள் கைபோல ஆகி, அப்படியே விறைத்து நின்றுவிட்டன. பிரித்துவிட்டால் மறுபடி குவிந்தன. அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் அப்படியே கிடந்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றபடியே பார்த்தார். "தையல் நல்லா ஆறியிருக்கு. இது இஸ்டீரியா. வேளா வேளைக்குச் சாப்பாடு வருது, படுத்துப் பழகிட்டா. வீட்டு வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்று ஏசுராஜிடம் சொன்னார். "ரெண்டு அறை விட்டீங்கன்னா தெளிஞ்சுடும்." சொன்னதைச் சீட்டிலும் எழுதினார். அறையை எழுதவில்லை. இஸ்டீரியா என்றும் மருந்து தேவையில்லை என்றும் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏசுராஜுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகும் பஸ்ஸில் அந்தச் சீட்டைக் கண்டக்டருக்குப் படித்துக் காட்டினான். எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடான லயத்தில் இறங்கியதும் வாசலில் கூடினவர்களுக்குப் படித்துக் காட்டினான். அன்றைக்கே, கூட்டத்துக்கு நடுவில், டாக்டர் சொன்னபடி எண்ணி இரண்டு அறை விட்டான். புஷ்பம் குவிந்த கையால் முகத்தை மூடப் பார்த்தாள். விரல் பிரியாததால் முகம் மூடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இழுப்பு தொண்டைக்கு வந்தது. மூச்சு உள்ளே போகும்போது சேவல் கூவுவது மாதிரி ஒரு சத்தம். "பாரு, பாரு, இன்னமும் நடிக்கறா" என்று ஏசுராஜ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. செல்வமேரிக்கு அப்போது பதினெட்டு வயது. அக்காவின் கை அவள் கைக்குள் குவிந்தபடியே இருந்தது. பெட்டியில் வைக்கும்போதும் அந்தக் கையில் ஜெபமாலையைச் சொருக முடியவில்லை.

அடுத்த மாதமே செல்வமேரி அதே ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்து சேர்ந்தாள். எதற்கென்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. கழுவினாள், கற்றுக்கொண்டாள், பரீட்சை எழுதினாள். பாடப்புத்தகத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தது. தைராய்டின் முதுகில், பக்கத்துக்கு இரண்டாக, துவரம்பருப்பு அளவில் நாலு சின்னச் சுரப்பிகள் ஒட்டியிருக்கும். பெயர் பாராதைராய்டு. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பவை அவைதான். நாலும் போய்விட்டால் வாயைச் சுற்றி ஊறல் எடுக்கும், விரல் குவியும், கடைசியில் தொண்டை இழுத்துக்கொள்ளும். கால்சியம் ஊசி ஒன்று போட்டால் சில நிமிஷத்தில் விரல் பிரியும். தொடர்ந்து கொடுத்து வந்தால் ஆள் பிழைக்கும். அந்த ஊசிமருந்து எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். 1977-லும் அதே தட்டில்தான் இருந்தது.

1984-ல் பழைய சாமான் அறையை ஒழித்தபோது, உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டில்களுக்கு நடுவில் ஒரு பெரிய கட்டி கிடைத்தது. ஒட்டியிருந்த சீட்டில் புஷ்பத்தின் பெயர், தேதி, ஆஸ்பத்திரி நம்பர். குழியில் போடச் சொல்லித்தான் டாக்டர் கொடுத்திருக்கிறார். "நொம்பப் பெரிசா இருந்துச்சு கண்ணு. பாடத்துக்கு ஆகுமேன்னு நாந்தான் எடுத்து வெச்சேன். உங்கக்காளுதுன்னு எனக்கு எங்க தெரியும்?" என்று அங்கப்பன் அழுதார்.

செல்வமேரி அழவில்லை. கட்டியைத் திருப்பி முதுகுப்பக்கத்தைப் பார்த்தாள். நாலு மூலையிலும் சின்னச் சின்னத் துண்டு எடுத்து, மெழுகில் புதைத்து, ஒரு மாதம் உட்கார்ந்து சீவினாள். முதல் துண்டில் பாராதைராய்டு இருந்தது. இது யாருக்கும் நடக்கும், மூன்று மிச்சம் இருந்தால் ஆள் பிழைக்கும் என்று புத்தகம் சொன்னது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும். நாலாவது துண்டைச் சீவும்போது, இதில் மட்டும் இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று உதடு முணுமுணுத்தது. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள். ஒரு பக்கம் தைராய்டின் ஏரி ஏரியான ரோஜா நிறக் குழிகள். அதை ஒட்டி, குழியே இல்லாமல், கடுகு கொட்டி வைத்தது மாதிரி நீலப் புள்ளிகள் நெருக்கியடித்து நின்றன.

நாலு.

யாரிடம் போய்ச் சொல்வது? கண்ணாடி கழுவ வந்தவள் சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு டாக்டரின் தப்பை இன்னொரு டாக்டர் எழுதித் தர மாட்டார். அவரே தன் கையால் எழுதினால்தான் உண்டு. அதற்கு ஒரு வழி கிடைக்கும் வரைக்கும் ஸ்லைடுகள் துணி சுற்றிய பெட்டியில் இருந்தன.

வழி அந்தப் பள்ளியின் விதியிலேயே இருந்தது. 1985-ல் ஒரு வெளித்தேர்வாளர் ஸ்லைடைப் பார்க்காமலே பழைய லிஸ்டை வைத்துத் திருத்தி, சரியாக எழுதிய மூன்று பெண்களை ஃபெயிலாக்கிவிட்டார். அதிலிருந்து ஆஸ்பத்திரித் தலைவி மதர் எலிசா ஒரு கட்டளை போட்டார். பெண்கள் உள்ளே வருவதற்கு முன் தேர்வாளர் தாமே பத்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்து, பக்க எண் போட்ட புத்தகத்தில் கார்பன் வைத்து மூன்று பிரதியாக விடை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பிரதி புத்தகத்தில், இரண்டாவது உடனே மதர் அறைக்கு, மூன்றாவது லேபுக்கு. வாய்மொழிக் கேள்வியும் எல்லாருக்கும் ஒரே கேள்வியாக, பள்ளி கொடுத்த தாளில் உள்ளபடிதான் இருக்க வேண்டும்.

அந்தக் கேள்வித்தாளை எழுதுகிறவள் செல்வமேரி.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். அறுபத்து மூன்று வயது. நரைத்த மீசை, நல்ல சிரிப்பு. மதர் வாங்கி வைத்திருந்த பொன்னாடை கவரோடு மேசையில் இருந்தது. மத்தியானம் போர்த்துவதாக ஏற்பாடு.

"இந்த மலையில இருநூறு கழுத்துக்கு மேல நான் அறுத்திருக்கேன், மதர்" என்றார். "ஒருத்தர்கூட என்னைக் குறை சொன்னதில்லை."

"சொல்ற நெலமையில இருந்திருக்க மாட்டாங்களோ என்னவோ" என்றார் அங்கப்பன், காபி டம்ளரை வைத்தபடி. டாக்டர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார். மதர் தம் அறைக்குப் போனார்.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதல் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "பிட்யூட்டரி. சுலபம்." எழுதினார். இரண்டு, தைராய்டு. மூன்று, அட்ரினல். "மூணு அடுக்கும் என்ன அழகாத் தெரியுது! யாரும்மா சீவினது? நீங்களா? கை நல்ல கை."

"படிச்சுக்கிட்டேனுங்க."

நாலு, பாராதைராய்டு. ஐந்து, கணையம். ஆறாவதில் குனிந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எழுதினார். ஏழாவதையும் எழுதி எட்டுக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, ஸ்லைடு பஞ்சமா? நாலு, ஆறு, எட்டு, மூணும் ஒண்ணுதானே!"

"மூணும் வேற வேறங்க ஐயா. ஒம்பதை எழுதிட்டுப் பத்தாம் நம்பரையும் பாத்துருங்க."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுவும் அதேதான். பக்கத்துல தைராய்டு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"நாலும் ஒரே ஆளோடதுங்க. ஒரே கட்டியோட முதுகுல நாலு மூலையில எடுத்தது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஆளா? பொணமா, உசிரோட இருந்த ஆளா?"

"உசிரோடத்தானுங்க. ஆபரேஷன்ல எடுத்தது."

"அடப்பாவி! எந்த மடையன் அறுத்தான்?" அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறிவிட்டது. சர்ஜரியை விட்டபிறகு சேலத்தில் பத்து வருஷம் பாடம் எடுத்தவர். "பின்பக்கத்துல கொஞ்சம் சதையை விட்டுட்டுத்தான் வெட்டணும்னு படிக்கிற பையனுக்குக்கூடத் தெரியுமே! நாலையும் வழிச்சு எடுத்திருக்கான். அவசரக்காரன். அந்த ஆளு பொழைச்சிருக்கவே முடியாது."

"பொழைக்கலீங்க."

"பொழைக்காது. இவன் கையில கத்தியைக் குடுத்தவனைச் சொல்லணும்."

செல்வமேரி புத்தகத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள். "குறிப்புன்னு எடம் இருக்குதுங்க ஐயா. இப்பச் சொன்னதை அதுல எழுதிக் குடுத்தீங்கன்னா, புள்ளைங்களுக்குப் பாடமா இருக்கும்."

பாடம் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. பேனாவை அழுத்தி, மூன்று பிரதியிலும் விழும்படி இங்கிலீஷில் எழுதினார். 4, 6, 8, 10 ஒரே நோயாளியின் நாலு பாராதைராய்டுகள், நாலையும் அகற்றியது மன்னிக்க முடியாத கவனக்குறைவு, மரணம் நிச்சயம், அறுவை செய்தவரே பொறுப்பு. கையெழுத்து, தேதி, பட்டம் எல்லாம் போட்டார்.

"கை கழுவிக்குங்க ஐயா. வெந்நி வெச்சிருக்குது."

அவர் தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவித் துண்டில் துடைத்துத் திரும்புவதற்குள் அங்கப்பன் இரண்டாவது பிரதியை மதர் அறையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

தேர்வுக்காக ஸ்லைடுகளின் பெயர்ச்சீட்டை மறைத்து எண் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. செல்வமேரி பத்தாவது ஸ்லைடை எடுத்து நகத்தால் காகிதத்தை உரித்தாள். அவர் முன் நீட்டினாள்.

மரியபுஷ்பம், வயது 23. 14-7-77. அறுத்தவர், டாக்டர் பாலசுப்பிரமணியம்.

டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். எட்டாவதை அவரே உரித்தார். ஆறு. நாலு. நாலிலும் அதே எழுத்து.

"யாரு இது? எனக்கு ஞாபகம் இல்லையே..."

"இருக்காதுங்க. அன்னிக்கு நாலாவது கேஸு. பனி எறங்கிருச்சு." அக்கா வீட்டிலிருந்து அன்றைக்கே எடுத்து வைத்திருந்த, பழுத்துப்போன சீட்டை அவள் பைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இஸ்டீரியா. மருந்து தேவையில்லை. "இது உங்க கையெழுத்துதானுங்களே? இப்பப் போட்டதும் அதேதான். எழுத்து மாறவே இல்லீங்க."

"அம்மா, இதைக் கிழிச்சுடு. வேற எழுதித் தரேன்."

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்குதுங்க. கிழிச்சா தெரியும்."

"மதர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேசுங்க. மதர் இந்நேரம் படிச்சிருப்பாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ யாரு அவளுக்கு?"

"தங்கச்சிங்க. நீங்க ரெண்டு அறை விடச் சொன்னப்ப கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னேன்."

மணி அடித்தது. பெண்கள் வெள்ளைக் கோட்டோடு வரிசையாக உள்ளே வந்து, பத்துப் பேர் ஆளுக்கொரு மைக்ராஸ்கோப்பின் முன்னும் மீதி இரண்டு பேர் பின்னாலும் நின்றார்கள். ஸ்லைடுகளில் மறுபடி எண் காகிதம் ஒட்டியாகிவிட்டது. டாக்டரின் இடப்பக்கம் மதர் எலிசா வந்து உட்கார்ந்தார். கையில் அந்த இரண்டாம் பிரதி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொன்னாடைக் கவரை எடுத்துத் தம் காலடியில் வைத்துக்கொண்டார்.

வாய்மொழிக்கு முதலில் வந்தவள் கிளியூர்ப் பழனியம்மாள். டாக்டர் கேள்வித்தாளைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று கேட்டார். நாலாவதில் நின்றார்.

"நாலாவது கேளுங்க, டாக்டர்" என்றார் மதர்.

"நாலு பாராதைராய்டையும்... எடுத்துட்டா என்ன ஆகும்?"

"வாயைச் சுத்தி ஊறல் எடுக்குமுங்க சார். வெரல் குவிஞ்சுக்குமுங்க. அப்புறம் தொண்டை இழுத்து மூச்சு நின்னுருமுங்க."

"ஐந்தாவது" என்றார் மதர்.

"அதை... எதுன்னு தப்பா நினைச்சுடலாம்?"

"இஸ்டீரியான்னுங்க சார். நோயாளி நடிக்கறதா நெனச்சு அனுப்பிச்சுருவாங்க. அப்படி அனுப்பக் கூடாதுங்க. கால்சியம் ஊசி போடோணுமுங்க."

செல்வமேரி சொல்லிக் கொடுத்திருந்தது அப்படி. வரிசை வரிசையாக வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். விரல் குவிவதை இரண்டு பேர் கையால் செய்தும் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் தாளைப் பார்த்துக் கேட்டார், ஒவ்வொரு தடவையும் பதிலைக் கேட்டுக்கொண்டார். செல்வமேரி சுவரோரம் நின்று எண்ணினாள். அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

எட்டாவது பெண் போனதும் டாக்டர் சன்னலைப் பார்த்தார். மழைக்கு முன்னால் வருகிற பனி, ஓக் மரங்களின் அடிமரம் வரைக்கும் இறங்கிவிட்டது. வாசலில் டிரைவர் இரண்டு தடவை ஆரன் அடித்தான்.

"மீதியை நீங்களே பாத்துக்குங்க. பனி இறங்குது, நான் கிளம்பணும்."

"இன்னும் நாலு பேரு இருக்காங்க ஐயா" என்றாள் செல்வமேரி. "இன்னிக்காச்சும் நாலாவது ஆளு வரைக்கும் பொறுமையாப் பாத்துட்டுப் போங்க."

டாக்டர் எழுவதற்காக மேசையில் ஊன்றிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். குரல் அடுத்த மேசைக்குக்கூடக் கேட்கவில்லை. செல்வமேரி அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

கடைசிப் பெண் போனபோது வாசலில் நின்ற கார் பனியில் தெரியவில்லை. மதர் பொன்னாடைக் கவரை எடுத்துக்கொண்டு, போர்த்தாமலே தம் அறைக்குப் போனார். டாக்டர் படி இறங்கும்போது அங்கப்பன் டார்ச் அடித்து வழிகாட்டினார். "மெதுவாப் போங்க சாமி, அவசரமில்லை" என்று அவர் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

செல்வமேரி கண்வில்லைகளைக் கழற்றி, ஒட்டிய முடிகளை எடுத்துப் போட்டாள். நாலு ஸ்லைடையும் இனிமேல் துணியில் சுற்ற வேண்டியதில்லை என்று, பாடம் நடத்துகிற பெட்டியில், பெயர்ச்சீட்டு மேலே தெரியும்படி அடுக்கினாள். வருஷாவருஷம் வரும் பெண்கள் அறுத்தவர் பெயரையும் சேர்த்துப் படிப்பார்கள்.

பிறகு லேபுக்கு உரிய மூன்றாவது பிரதியைப் பார்த்துத் தன் கையால் ஒரு நகல் எடுத்துப் பைலில் போட்டுவிட்டு, அசலை மடித்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தேதி போட்டு, எழுதினாள்.

'மாரமங்கலம் ரைட்டர் ஏசுராஜ் அவர்களுக்கு, மரியபுஷ்பத்தின் தங்கை செல்வமேரி எழுதுவது. நீங்கள் மறுபடி கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகளோடு இருப்பதாக அறிந்தேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதே டாக்டர் எழுதியது, அதே கையெழுத்து. உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். போன தடவை எழுதிக் கொடுத்ததை பஸ்ஸிலும் லயத்து வாசலிலும் நின்று எல்லாருக்கும் படித்துக் காட்டினீர்கள். இதையும் அதே இடத்தில் நின்று படித்துக் காட்டவும். கேட்டவர்களில் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நீங்கள் படிக்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே வந்து படிப்பேன்.'

கவரை ஒட்டி அங்கப்பனிடம் கொடுத்தாள்.

"தபால்ல போடட்டுமா கண்ணு?"

"வேண்டாங்கண்ணா. காலையில மாரமங்கலம் பஸ்ஸுல போயி, நாலு பேரு இருக்கறப்ப கையில குடுங்க."